பன்னிரண்டு வீட்டு ஜீப்

ஒடுகத்தூரில் என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். ‘லேத் பட்டறை ஜீவானந்தமா? வேலை சுத்தம், வாய்தான் சரியில்லை’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நல்ல பொருளைக் கெடுத்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இருபத்தெட்டு வருடமாக வருகிறது, இனிமேலா நிற்கப்போகிறது?

ஆனாலும் போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்த கோபம் கொஞ்சம் அதிகம்தான். ஆட்டுச்சந்தை நாள். தெரு முழுக்க ஆடும் ஆளும். அந்த நெரிசலில், மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் பட்டறைக்குள் நுழைந்தாள். ஒல்லி உடம்பு, கழுத்தில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பட்டை. துணிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். பிரித்தேன். பழைய பெட்ரோல் ஜீப்பின் கார்ப்பரேட்டர். அதாவது, ஒரு காலத்தில் அது கார்ப்பரேட்டர். இப்போது கரையான் தின்ற கட்டை போல உடம்பெல்லாம் குழி குழியாக இருந்தது. விரலால் அழுத்தினால் விளிம்பு உதிர்ந்தது.

“இன்னாம்மா இது? யாரு இத இப்டி பண்ணது?”

“நான்தாங்ணா. அழுக்கு போவட்டும்னு புளித்தண்ணில ஊறப்போட்டேன்.”

“எத்தினி நேரம்?”

“மூணு நாளு.”

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். புளி என்ன சர்வரோக நிவாரணியா, குழம்புக்குக் கரைக்கிற மாதிரி எஞ்சினுக்கும் கரைப்பீர்களா, மலையில் புளியமரம் நிறைய இருந்தால் கண்டதையும் அதில் முக்குவதா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் அசையவில்லை. ஜீப்பின் பெட்ரோல் டாங்க் உள்ளே துருப் பிடித்திருந்ததாம். புளியைக் கரைத்து ஊற்றி, கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாளாம். துரு மொத்தமும் கழன்று, டாங்க் புதிது போல ஆகிவிட்டதாம். அது உண்மைதான், இரும்புத் துருவுக்குப் புளி நன்றாகவே வேலை செய்யும். அந்தத் தைரியத்தில் கார்ப்பரேட்டரையும் போட்டிருக்கிறாள். அதன் உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது, புளிப்பு பட்டால் கரைந்துபோகும் என்று அவளுக்கு யார் சொல்வது? அவர்கள் வீட்டில் குத்துவிளக்கு, குடம், அரிவாள், ஏர்க்கொழு எல்லாம் புளியில்தான் பளபளக்கின்றன.

“உள்ள இருக்கற பித்தளை மட்டும் நல்லா மின்னுதுங்களே” என்றாள்.

எனக்கு இன்னும் ஏறியது. மறுபடி கத்தினேன். அவள் பொறுமையாக நின்று, நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டாள்.

“திட்டி முடிச்சிட்டீங்களா? இப்ப இன்னா பண்லாம், அத சொல்லுங்க.”

இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கோபித்துக்கொண்டு போவார்கள், அல்லது பதிலுக்குக் கத்துவார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“குந்து. உம் பேரு இன்னா?”

“சின்னக்குழந்தை.”

பார்த்தால் நாற்பத்தைந்துக்குக் குறையாது. “வூட்ல பெரிய குழந்தை யாராச்சும் கீறாங்களா?” என்றேன்.

“வூட்ல இல்ல. இங்கதான் ஒருத்தரு இம்மா நேரம் கத்திக்கினு இருந்தாரு” என்றாள். டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. அன்றைக்கு அவளுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவள் கதை இதுதான். மலைமேல் பஸ் போகிற சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் மண் தடத்தில் உள்ளே போனால் பன்னிரண்டு வீடுள்ள ஊர். சாமை, கேழ்வரகு, ஆளுக்கு நாலைந்து புளியமரம். அந்தத் தடத்தில் வாடகை ஜீப்புகள் வராது. அதனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டு வீடும் பங்கு போட்டு, ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து எழுபத்தாறாம் வருட மாடல் ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஆர்.சி. ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், கோபால் பெயரில். ஓட்டியது பூபாலன் என்கிற அந்த ஊர்ப் பையன். ஐந்து வருடத்துக்கு முன் அவன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டான். ஜீப் புளியமரத்தடியில் நின்றது, நின்றபடியே மக்கியது. மூட்டைகள் பழையபடி பெண்களின் தலைக்கு ஏறின.

சின்னக்குழந்தை எட்டு வயதிலிருந்து தலைச்சுமை தூக்கியவள். போன வருடம் ஒருநாள் புளி மூட்டையோடு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள், கை இரண்டும் மரத்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். இனிமேல் தலையில் ஒரு குடம் தண்ணீர்கூட வைக்கக்கூடாது, வைத்தால் கை விழுந்துவிடும் என்றார்கள். அவள் கணவர் கிருஷ்ணன் வருடத்தில் ஏழெட்டு மாதம் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். ‘நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு, லைன் வீட்டில் சமைத்துக்கொண்டு இரு’ என்று போனில் சொன்னாராம்.

“போவ வேண்டியதுதானே?” என்றேன்.

“ஏங்ணா, ரெண்டு ஏக்கரா சாமை, ஆறு மரம், எல்லாம் எங் கையால வெச்சது. அத உட்டுட்டு எவனோ ஒருத்தன் தோட்டத்து லைன் வூட்ல போயி குந்திக்கினு செவுத்த பாத்துக்கினு இருக்கணுமா? வெளைய வெக்க முடியுது. கீழ எறக்கத்தான் முடியல. தலைல தூக்க முடியாதவளுக்கு மலைல இன்னா வேலைன்னு கேக்கறாங்க. எனக்கு அந்த ஜீப்பு ஓடணும், அவ்ளோதான்.”

ஆனி மாதம் ஊர் கூடி, ஜீப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆண் உட்கார்ந்து பேசுவதுதான் வழக்கம், பெண்கள் வாயைத் திறப்பதில்லை. கிருஷ்ணன் குடகில் இருந்ததால் சின்னக்குழந்தை தன் வீட்டின் சார்பில் எழுந்து நின்றாள். லாரி வருவதற்குள் ஜீப்பை ஓட வைத்து, ஆர்.சி.யையும் புதுப்பித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றாள். யாரும் காலணா தரமாட்டோம் என்றார்கள். ‘நான் கேக்கலியே’ என்றாள். கவுண்டர் கோபால் யோசித்து, ‘சரி. லாரி வர்றதுக்குள்ள ஜீப்பு தானா மலையேறி வந்து நின்னா ஊர்ல இருக்கட்டும். இல்லன்னா எடைக்குப் போவட்டும்’ என்று தீர்த்துவிட்டார்.

உனக்கு ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்டதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. பூபாலன் ஓட்டிய ஏழு வருடமும் ஜீப்புக்குக் கல் போட்டவள் அவள்தான். செங்குத்தான தடத்தில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வழுக்கும். சக்கரத்துக்குப் பின்னால் கல்லைக் கொடுக்க ஒரு ஆள் பின்னாலேயே ஓடவேண்டும். கல் போடுகிறவருக்கு இலவசப் பயணம். ஓடி ஓடி அந்த எஞ்சினின் சத்தம் அவளுக்கு மனப்பாடம். மேட்டில் இறங்கி ஓடியவள், சமதரையில் பூபாலன் பீடி பற்றவைக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். அப்புறம் எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள். அவள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான், வாரத்துக்கு ஒரு சாமான். அந்த வாரம் தேனோ கடுக்காயோ சாமையோ என்ன விற்கிறதோ அதற்குள் அடங்குகிற சாமான். கடன் சொல்லமாட்டாள். நானே ‘அடுத்த வாரம் கொடு’ என்றாலும் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் காசோடு வந்துதான் சாமானை வாங்கிக்கொள்வாள். ஒரு வாரம் நாலு பிளக். ஒரு வாரம் ரேடியேட்டர் ஹோஸ். ஒரு வாரம் விற்பனை ஒன்றுமில்லை என்று வெறும் வயர் இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு போனாள்.

புதுக் கார்ப்பரேட்டருக்கு எங்கே போவது? வேலூரில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து, பெட்ரோல் பாய்கிற பித்தளை ஜெட்டெல்லாம் யாரோ பிடுங்கிக்கொண்ட வெற்று உடம்பு ஒன்றைப் பிடித்தேன். சும்மா கிடந்ததைத் தேங்காய் விலைக்குக் கொடுத்தார்கள். அவளிடம் உடம்பு இல்லை, ஜெட் இருந்தது. இங்கே ஜெட் இல்லை, உடம்பு இருந்தது. அவளுடைய பளபளத்த பித்தளையை எடுத்து இதில் திருகினேன். சொல்லி வைத்த மாதிரி உட்கார்ந்தது. “பாத்தீங்களா, புளி வீணா போவல” என்றாள். ‘ஏய், அந்தப் பேச்சே எடுக்காத’ என்று விரலை நீட்டினேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மறைத்துக்கொண்டேன்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகளில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடு, பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அசை என்று சொல்லியனுப்பினேன். ஒரு வாரம் பத்தவில்லை. மூன்று வாரம் ஊற்றினாள். கழுத்து வலிக்கு நடுவே தினம் காலையில் ஹேண்டிலில் தொங்கியிருக்கிறாள். நாலாவது வெள்ளிக்கிழமை சந்தைத் தெருவில் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். “சுத்திக்கிச்சுங்ணா! முழுசா ஒரு சுத்து!” என்று அத்தனை ஆட்டுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

அடித்தட்டு துருவேறி ஓட்டையாகியிருந்தது. பழைய எண்ணெய் டிரம்மை வெட்டித் தகடாக்கிக் கொடுத்தேன், அவளே ரிவெட் அடித்தாள். சீட்டுக்குள் தேங்காய் நாரைத் திணித்துச் சாக்கால் தைத்தாள். பெயின்ட் ஆர்.சி.யில் உள்ள நிறத்திலேயே இருக்கவேண்டும், பச்சை. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமலை வாங்கிப்போய் பிரஷ்ஷாலேயே அடித்தாள். பிரஷ் கோடு தெரிகிறதே என்றேன். ‘பிரேக் இன்ஸ்பெக்டரு பிரேக்கத்தானே பாப்பாரு’ என்றாள். எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அதனால் பிரேக்கில் மட்டும் அவள் சிக்கனம் பார்க்கவில்லை. நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் ஒவ்வொன்றாகக் கோணியில் சுற்றி, யார் யார் வண்டியிலோ கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தாள். லேத்தில் கடைந்து கொடுத்தேன். லைனிங் புதுசு, வீல் சிலிண்டர் ரப்பர் புதுசு.

கார்த்திகை கடைசியில் ஜீப் ஸ்டார்ட் ஆனது. போனை எஞ்சின் பக்கத்தில் வைத்து எனக்குக் கேட்க வைத்தாள். ஒரு சிலிண்டர் தவறித் தவறி அடித்தது. ‘மூணாவது பிளக்க மாத்து’ என்று போனை வைத்துவிட்டேன். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ள எனக்குத் தெரியாது, என்ன செய்வது.

மார்கழி முதல் வாரத்தில், ஆர்.சி.யைப் புதுப்பிக்க, வேலூரில் இன்ஸ்பெக்‌ஷன். அன்றைக்குப் பட்டறையை மூடிவிட்டு நானும் போனேன். என் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? லைட், ஹாரன், இண்டிகேட்டர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், எல்லாம் சரி. ஓட்டிக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர், சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். ஓட்டினாள். பிரேக் அடிக்கச் சொன்னார். அடித்தாள். ஜீப் கீறிய கோடு போல நேராக நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“அந்தச் சரிவுல ஏத்தி நிறுத்துங்கம்மா. ஹேண்ட் பிரேக் போட்டுட்டு காலை எடுங்க” என்றார்.

சின்னக்குழந்தை ஏற்றி நிறுத்தினாள். கியரிலேயே எஞ்சினை அணைத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு குதித்து ஓடி, பின்சக்கரத்துக்குக் கீழே அழகாகச் செருகினாள். கையைத் தட்டிக்கொண்டு, முடிந்தது என்கிற மாதிரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

மைதானமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். டேஷ்போர்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த பிடியைக் காட்டினார். அதில் அவளுடைய சோற்றுப் பை தொங்கியது.

“இதும்மா ஹேண்ட் பிரேக்.”

“அதுங்களா? அது பை மாட்ற கொக்கின்னு நெனச்சிக்கினு இருந்தேங்க.”

பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் எல்லோரும் அதை அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். வாங்கும்போதே அது வேலை செய்யவில்லை. கல் இருக்கும்போது அதை யார் தேடுவது? சரி, அவர்கள் இருக்கட்டும். இருபத்தெட்டு வருடம் பட்டறை வைத்திருக்கிற எனக்கு எங்கே போயிற்று புத்தி? நாலு சக்கரத்தையும் தடவித் தடவிப் பார்த்தவன், பை தொங்குகிறதே என்று அந்தப் பிடியைத் தொடவேயில்லை. அவமானத்தில் எனக்கு உடம்பு கூசியது. இன்ஸ்பெக்டர் ஃபெயில் என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி தேதி கிடைத்தது மூன்று வாரம் கழித்து, பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை. லாரி வருவது மறுநாள் வெள்ளி.

திரும்பி வரும்போதும் அவளேதான் ஓட்டினாள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஜீப்பை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த கொக்கி எங்கெங்க போவுது, சொல்லுங்க” என்றாள்.

அது எங்கெங்கோ போகிறது. அந்தக் கால ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டில் தனியாக ஒரு சின்ன டிரம் இருக்கும். பிடியை இழுத்தால் கம்பி அதை இறுக்கும். எங்கள் ஜீப்பில் கம்பி உறைக்குள்ளேயே துருவாகிச் செத்துவிட்டது. எண்ணெய் அடைப்பான் கிழிந்து, பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஜீப்பை என் பட்டறை வாசலிலேயே நிறுத்தினோம். இதற்கு அடியில் படுத்துத்தான் வேலை செய்யவேண்டும். என் தொப்பைக்கு அங்கே இடமில்லை, ஒருமுறை நுழைந்து மாட்டிக்கொண்டேன், டீக்கடைக்காரர்தான் காலைப் பிடித்து இழுத்தார். ஆகவே அவள் படுத்தாள்.

சாமை அறுப்பு நடந்த நேரம் அது. மூன்று நாள் மலையில் அறுப்பாள், நாலாம் நாள் விடியலில் நடந்து இறங்கி வந்து ஜீப்புக்கு அடியில் புகுவாள். மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் கழுத்து தாங்காது. பத்து நிமிடம் ஸ்பேனர் பிடிப்பாள், பிறகு கை மரத்துவிடும். வெளியே வந்து சுவரில் சாய்ந்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவாள். திரும்பவும் உள்ளே போவாள். ‘நான் வேற ஆளை வெச்சு பண்றேம்மா, விடு’ என்று ஒருநாள் கெஞ்சிவிட்டேன், எனக்கே பொறுக்கவில்லை.

“நாளைக்கு மலைல நடுவழில கழண்டா யாருங்க மாட்டுவா? நான்தானே? இப்பவே மாட்டி பழகிக்கறேன்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

செத்த கம்பிக்குப் பதிலாக ஆட்டோவின் பிரேக் கம்பியை வாங்கி, நுனியை நான் லேத்தில் கடைந்து பொருத்தினேன். அடைப்பான் மட்டும் புதிது, இரண்டு வாரச் சாமை அதற்குப் போயிற்று. பிரேக் கட்டையில் ஊறிய எண்ணெயை நெருப்பில் காட்டி எடுக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. சக்கர பிரேக்குக்கு வாங்கியதில் மிச்சமிருந்த லைனிங் துண்டுகளைச் சேர்த்து ரிவெட் அடித்தேன். ஒட்டுப்போட்ட வேலைதான். ஆனால் பிடித்தது. பட்டறைக்குப் பின்னால் உள்ள ஏரிக்கரை மேட்டில் ஏற்றி நிறுத்தி, பிடியை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள். ஜீப் நின்றது. நான் பின்னால் போய் முட்டுக் கொடுத்துத் தள்ளினேன், முன்னால் வந்து இழுத்தேன், நகரவில்லை. சின்னக்குழந்தை இறங்கி வந்து கொஞ்ச நேரம் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வைக்காமல் அந்த வண்டி மேட்டில் நிற்பதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பார்க்கிறாள்.

வியாழக்கிழமை அதே இன்ஸ்பெக்டர். நேராகச் சரிவைத்தான் காட்டினார். பிடியை இழுத்தாள். அவர் ஜீப்பை உலுக்கிப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். “யாரும்மா செஞ்சது?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ‘நாங்கதாங்க’ என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒடுகத்தூரிலிருந்து மலையேறினோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தார்ச் சாலை வரை ஜீப் முனகாமல் ஏறியது. மண் தடத்தில் இரண்டு இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி மறுபடி ஏறினோம். கீழே பள்ளத்தைப் பார்த்து நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ‘பயமா கீதா?’ என்றாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

நாலரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். ஹாரன் சத்தத்துக்கு மொத்த ஊரும் வெளியே வந்தது. கவுண்டர் கோபால், அறுபது வயசுக்காரர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பேப்பரை வாங்கிப் பார்த்தார். “சொன்னது சொன்னதுதான். ஜீப்பு ஊர்ல இருக்கட்டும். லாரிக்காரனுக்கு போன் பண்ணி வராதன்னு சொல்லிடுங்க” என்றார். ஆண்கள் கைதட்டினார்கள். சின்னக்குழந்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூட இருக்கவில்லை.

“அப்பால, சாவிய பூபாலன்கிட்ட குடும்மா” என்றார் கவுண்டர்.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த பூபாலன் கம்பெனி பனியனோடு நின்றிருந்தான். “அவன் வேலைய உட்டுட்டு இங்கயே வந்துர்றேங்கறான். முன்ன ஓட்டனவன். நீ கஷ்டப்பட்ட, யாரும் இல்லேங்கல. உம் மூட்டைக்கு எப்பவும் எடம் உண்டு. ஆனா தெனம் மலை ஏறி எறங்கறது பொம்பள வேலையா? கழுத்து வேற சரியில்ல.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ‘யோவ்’ என்று தொடங்கிவிட்டேன். சின்னக்குழந்தை என்னைக் கையமர்த்தினாள். சாவி அவள் கைக்குள் இருந்தது, நீட்டவில்லை. என் பட்டறையில் என்றால் பட்டென்று பதில் சொல்லியிருப்பாள், இது ஊர்க் கூட்டம். ஆனி மாதம் ஒருமுறை பேசியதையே ஊர் அவளுக்குப் பெரிதாக விட்டுக்கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது.

அப்போது கவுண்டர் வீட்டிலிருந்து அவர் மனைவி கெங்கம்மாள் வந்தாள். தலையில் புளி மூட்டை. முப்பது கிலோவுக்குக் குறையாது. கூட்டத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. ஆண்களுக்கு நடுவே புகுந்து நேராக ஜீப்பின் அருகே வந்து நின்றாள்.

“சின்னக்குழந்தை, நாளைக்கு சந்தைக்கு எத்தினி மணிக்கு கெளம்புற?”

சின்னக்குழந்தை அவள் பக்கம் திரும்பினாள். “அஞ்சுக்குக்கா.”

“நீதானே ஓட்டற?”

சின்னக்குழந்தை கைக்குள்ளிருந்த சாவியைப் பார்த்தாள்.

“இன்னாடி கம்முனு நிக்கற? நீ ஓட்டறதா இருந்தா எறக்கறேன். இல்லன்னா இப்டியே நிக்கறேன்.”

கெங்கம்மாள் கூட்டத்தோடு பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினாள். அதற்கு வழக்கத்தில் தடை இல்லை. தலையில் மூட்டையோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. கவுண்டர் “ஏய், எறக்கு முதல்ல” என்றார். அவள் காதில் விழாத மாதிரி நின்றாள். பின்னாலேயே அமுதவல்லி என்கிற பெண் சாமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருத்தரும் பேசவில்லை, ஒருத்தரும் இறக்கவில்லை. வரிசையாக ஜீப்புக்குப் பின்னால் நின்றார்கள். கெங்கம்மாள் சரிந்த மூட்டையை ஒரு கையால் தலையிலேயே நிமிர்த்திக்கொண்டாள்.

சின்னக்குழந்தை சாவியை முந்தானையில் முடிந்தாள்.

“நான்தான் ஓட்டறேன்க்கா. எறக்குங்க” என்றாள்.

மூட்டையை முதலில் தாங்கிப் பிடித்தவன் பூபாலன்தான். அடுத்து கவுண்டர் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, “இன்னாடா வேடிக்க பாக்கறீங்க, ஆளுக்கு ஒரு கை புடிங்கடா” என்று பக்கத்தில் நின்றவர்கள்மேல் எரிந்து விழுந்தார். மற்ற வீட்டு மூட்டைகளும் வந்து சேர, ஒன்பது மூட்டை ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. சாவியைப் பற்றி அதற்கப்புறம் அந்த ஊரில் யாரும் பேசவில்லை.

அன்றைக்குக் கவுண்டர் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு நானும் அந்த ஜீப்பில்தான் கீழே இறங்கினேன், புளி மூட்டைகளுக்கு மேலே, முட்டியைக் கட்டிக்கொண்டு. முன் சீட்டில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.